லைன்மேன் கோட்டு

சிதம்பரம்,
28.10.2025, செவ்வாய்.

கடலூர் சம்பந்தி ராஜாமணி அவர்களுக்கு, மாரியம்மாள் எழுதுவது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். பெரிய பேரன் இளவரசு குரூப் ஃபோர் பரீட்சையில் முதல் தடவையே தேறி, தாலுகா ஆபீசில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வண்டிகேட் பக்கம் சொந்த வீடு கட்டுகிறான். மகள் வயிற்றுப் பேத்தி சிந்துஜா நர்சிங் முடித்த மறு மாதமே மெட்ராசில் வேலைக்குப் போய்விட்டாள். அவள் தம்பி அருள்மொழி பத்தாவதில் நானூற்று எண்பத்தேழு. சிலம்பத்தில் மாவட்டத்துக்கே முதல் பரிசு, கோப்பை என் அலமாரியில்தான் இருக்கிறது. இலக்கியாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவள் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடக்க, மூன்றாம் வகுப்பிலிருந்து என் சோற்றைத் தின்று வளர்ந்தவள். லேப் படிப்பில் காலேஜில் இரண்டாம் இடம். எங்கள் தெருவில் கியர் வண்டி ஓட்டிய முதல் பெண்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீங்கள் பெண் எடுத்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பது உங்களுக்கு மறந்துவிட்டதோ என்றுதான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல இலக்கியா லேப்பிலிருந்து சாப்பிட வந்தாள். நல்ல மழை. கேட்டுக்கு வெளியே யாரோ ஈ.பி. ஆள் மீட்டர் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்து, "வூட்ல ஆளு இருக்கு, உள்ள வாப்பா" என்று கூப்பிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் என் பேத்தி. மஞ்சள் கோட்டு, முழங்காலுக்கு மேலே வரை. கீழே அதே துணியில் பேண்ட், மடித்துத் தைத்தது. "யாரோடதுடி இது?" என்றேன். "மாமாவோடது ஆயா" என்றாள்.

இறந்துபோன உங்கள் வீட்டுக்காரருடைய கோட்டு. கல்யாணமாகி எட்டு மாதம், தலைத் தீபாவளி முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அந்தப் பெண்ணின் உடம்பில் போனவர் போட்டதை மாட்டி நாற்பத்தைந்து கிலோமீட்டர் அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டிலேயே கழற்றச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். "உன் மாமியாருக்கு வக்காலத்து வாங்காத" என்று சொல்லி கோட்டையும் பேண்டையும் நானே உருவி எடுத்தேன். சாப்பிடாமல் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் தெற்கு வீதியில் தேடி ஒரு ரோஸ் கலர் கோட்டு வாங்கிக் கொடுத்தேனே, அது என்ன ஆயிற்று? அந்த நாளிலிருந்து மத்தியானம் அவள் வருவதில்லை. லேப் என் வீட்டிலிருந்து நாலு தெரு. நீங்கள்தான் போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

போனில் கேட்கலாம். இரண்டு தடவை பாதியில் வைத்துவிட்டீர்கள். நான் படித்தது ஐந்தாவது. ஆனால் நான் எழுதினதை யாரும் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் திரும்ப வந்து எடுத்துப் படிக்கத்தான் வேண்டும்.

மாரியம்மாள்.

*

கடலூர்,
1.11.2025.

சிதம்பரம் மாரியம்மாள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பாதியில் வைக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். இதைவிட நீளமான புகார்க் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட ரோஸ் கலர் கோட்டு மழைக்குப் போட்ட மூன்றாம் நாள் பெரியப்பட்டுக்குப் பக்கத்தில் அக்குளில் கிழிந்தது. அங்கே இரண்டு பக்கமும் வெட்ட வெளி. கடலிலிருந்து அடிக்கிற காற்று கிழிசலுக்குள் புகுந்து பலூன் மாதிரி ஊதியிருக்கிறது. எதிரே லாரி வரும்போது வண்டி ஓரமாக இழுத்ததாம். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதில் புகுந்த தண்ணீர் மடியில் தேங்கி, லேப்புக்குப் போனதும் எல்லார் முன்னாலும் சொட்டச் சொட்ட நின்றிருக்கிறாள். அது மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கி வருவதற்கான கோட்டு. வாங்கினவர் மழையில் வண்டியில் உட்கார்ந்தது இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

நீங்கள் உருவிக்கொண்ட கோட்டு அப்படியானது இல்லை. என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் லைன்மேன். தானே புயல் அடித்த மறுநாளிலிருந்து பதினேழு நாள் அந்தக் கோட்டோடு கம்பத்தில் ஏறினார். உள்ளே ரப்பர், தையலுக்கு மேல் டேப் ஒட்டியது, முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை. பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு அது ஒன்றுதான் கண்ணில் படும். இலக்கியா இங்கே அஞ்சேகாலுக்குக் கிளம்புகிறாள். ஏழு மணிக்கு லேப்பைத் திறக்க வேண்டும். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் தோதுப்படவில்லை. என் மகன் கதிர்வேலுக்கு கம்பெனியில் ஷிஃப்ட். அவன் கொண்டுபோய் விட முடியாது. ஐப்பசி மழையில் இருட்டில், விடியுமுன் போகிற பெண் எதைப் போட வேண்டும் என்பதை ராசி பார்த்து முடிவு செய்ய முடியாது.

அவளை வராதே என்று நான் சொல்லவில்லை. நான் சொல்லி நிற்கிற பெண்ணாக நீங்கள் வளர்க்கவில்லை.

கோட்டையும் பேண்டையும் திருப்பி அனுப்புங்கள். அது என்னுடையது.

உ. ராஜாமணி.

*

சிதம்பரம்,
5.11.2025.

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேரன் இளவரசு பார்த்துவிட்டு, "ஆயா, தாலுகா ஆபீஸ்ல வர்ற நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றான். அமைப்பாளராக இருந்தது தெரிகிறது.

எங்கள் வீட்டில் ஒருவர் போய்விட்டால் பதினாறாம் நாளுக்குள் அவர் துணிமணியைக் கொடுத்துவிடுவோம். என் வீட்டுக்காரர் போனபோது ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் போனவர் வாசலில் நிற்பார் என்று என் மாமியார் சொல்வார். நீங்கள் மூன்று வருஷமாகப் பரணில் வைத்திருந்திருக்கிறீர்கள். அது உங்கள் பாடு. அதை எடுத்து என் பேத்தி முதுகில் போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கோட்டு இங்கே இல்லை. அதற்குத் தகுந்த இடத்துக்குப் போய்விட்டது.

ரோஸ் கோட்டு கிழிந்தது என்றீர்களே, கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "பாட்டிம்மா, லாங் ரைடுன்னு சொல்லிருந்தா வேற குடுத்துருப்பேனே" என்றான். இப்போது வேறு வாங்கி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஊதா நிறம், கனமான துணி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே அங்கி, பேண்ட் கிடையாது. எங்கள் வீட்டுப் பெண் ஆம்பிளை மாதிரி இரண்டு காலாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு கடலூர்த் தெருவில் இறங்க வேண்டியதில்லை. இது காற்றுக்கு ஊதாது, கனம் அதிகம். இனிமேல் இதைத்தான் போட வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இளவரசு வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. தாலுகா ஆபீசிலிருந்து எட்டுப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் பக்கம் யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுறாப் புட்டு செய்கிறேன். இலக்கியாவுக்கு அது பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மாரியம்மாள்.

*

கடலூர்,
11.11.2025.

மாரியம்மாள் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய அங்கியை இலக்கியா சனிக்கிழமை போட்டுக்கொண்டு போனாள். நான் வேண்டாம் என்றேன். "ஆயா சண்ட போட்டு வாங்கி அனுப்பிருக்கு அத்த, ஒரு நாளாவது போடறேன்" என்றாள். கணுக்கால் வரை தொங்குகிற துணியை மடித்துத் தொடைக்கு அடியில் சொருகியிருக்கிறாள். முட்லூர் தாண்டியதும் காற்றில் அவிழ்ந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. திருப்பத்துக்காக வேகம் குறைத்திருந்தாள், இல்லையென்றால் கடிதத்துக்குப் பதில் சாவுச் செய்திதான் வந்திருக்கும். விழுந்ததில் இடது முழங்கால் கிழிந்து, வேலை முடிந்த பிறகு ஐந்து தையல். ஒரு டீக்கடைக்காரர் அரிவாளால் அங்கியை வெட்டி எடுத்தாராம். வண்டியை அங்கேயே மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து லேப்புக்குப் போயிருக்கிறாள். அரை மணி நேரம் தாமதம். வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். அந்த முழங்காலோடு முப்பது பேருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்திருக்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாதனையில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இது மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துவரக் கதிர்வேல் பஸ்ஸில் போனான். தளம் போட்டாயிற்று என்று எழுதியிருந்தீர்களே, உறவுக்காரர் வீடாயிற்றே, பார்த்துவிட்டுப் போகலாம் என்று முட்லூரைத் தாண்டி வண்டிகேட்டில் இறங்கி உள்ளே போயிருக்கிறான். தளத்தின் மேலே மூங்கிலில் திருஷ்டிப் பொம்மை. சட்டித் தலை, வைக்கோல் உடம்பு. அவன் அப்பாவின் கோட்டு, அவன் அப்பாவின் பேண்ட்.

மழையில் எவ்வளவு நேரம் நின்றான் என்று அவன் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். "என்னாடா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்றான். இலக்கியா கேட்ட பிறகுதான் சொன்னான். "அப்பாவுக்கு மீச வரஞ்சிருக்காங்கம்மா" என்றான்.

என் வீட்டுக்காரருக்கு மீசை கிடையாது. ஒருநாளும் வைத்ததில்லை.

புயலில் உங்கள் சிதம்பரத்துக்கே விளக்கு எரிய வைத்தவர்களில் அவரும் ஒருவர். ஊர்க் கண் படாமல் இருக்க அவரைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அதற்குத் தகுந்த இடம் என்று எழுதினீர்களே, அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். இலக்கியா உங்கள் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று அவளாகச் சொல்லிவிட்டாள். நான் சொன்னதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாமணி.

*

சிதம்பரம்,
15.11.2025.

ராஜாமணி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். தையல் பிரித்தாயிற்றா? காலை மடக்க முடிகிறதா? கியர் போடுவது இடது கால். அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மீசை நான் வரையவில்லை. கொத்தனார் அய்யனார் வரைந்தது. எல்லாப் பொம்மைக்கும் வரைவார். பொம்மைக்கு ஒரு சட்டை வேண்டும் என்றார். மழைக்குத் தாங்கும்படி கொடுத்தேன். உங்கள் வீட்டுக்காரரைக் கேவலப்படுத்த நினைக்கவில்லை.

இந்தக் கடைசி வரி முழு உண்மை இல்லை. அடித்தால் காகிதம் வீணாகும். நினைத்தேன். அவரை இல்லை, உங்களை. எப்போதாவது நீங்கள் அந்தப் பக்கம் வந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். உங்கள் மகன் பார்ப்பான் என்று நினைக்கவில்லை.

வியாழக்கிழமை நான் லேப்புக்குப் போனேன். பேத்தியின் வேலையிடத்துக்குப் போவது எனக்குப் பிடிக்காது, இதுவரை போனதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் இலக்கியா என்று கூப்பிட்டேன். "டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க" என்றாள். என்னைப் பார்த்து ங்க போட்டாள்.

வாங்கினேன். பதினொன்றாம் நம்பர். நடுவில் ஒரு ஆள், "அம்மாக்கு எத்தினி வருஷமா சுகரு?" என்று கேட்டான். எனக்குச் சுகரே கிடையாது என்றேன். "அப்ப இன்னாத்துக்கு வந்த?" என்றான்.

என் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். நொண்டிக்கொண்டு வந்தாள். ரப்பர் பட்டையை என் கையில் கட்டினாள். "சாப்டீங்களா?" என்றாள். அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இல்லம்மா, நீ வருவேன்னு..." என்று ஆரம்பித்தேன். "வெறும் வயிறுன்னு எழுதிக்கிறேன்" என்று எழுதிக்கொண்டாள். வலிக்கவில்லை. நல்ல கை. பஞ்சை வைத்து, "கைய மடக்கிப் புடிச்சிக்கங்க. சாய்ந்தரம் ரிசல்ட்டு" என்றாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் காகிதத்தை வேறு ஒரு பெண்தான் கொடுத்தாள். சர்க்கரை நூற்று எண்பத்திரண்டு.

எட்டு வயதில் அவள் தலையில் பேன் பார்த்த கை இது. உங்கள் வீட்டில் எட்டு மாதத்தில் எப்படித் திருப்பிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். போனவர் கோட்டை அவள் மேல் போட்டது நீங்கள். அதை நான் எடுத்தேன். குற்றம் என் தலையில் எப்படி வந்தது?

மாரியம்மாள்.

*

கடலூர்,
19.11.2025.

மாரியம்மாள் அவர்களுக்கு,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கடைசிக் கேள்விக்காக எழுதுகிறேன்.

அந்தக் கோட்டை அவள் மேல் நான் போடவில்லை. அவள்தான் எடுத்தாள்.

ரோஸ் கோட்டு கிழிந்த அன்று பரணில் பழைய தார்ப்பாய் இருக்கிறதா என்று தேட ஏறினாள். கோட்டோடு இறங்கினாள். "அத்த, இது யாரோடது?" என்றாள். "வெச்சிடு" என்றேன். அந்த டிரங்குப் பெட்டியை மூன்று வருஷமாகக் கதிர்வேல்கூடத் திறந்ததில்லை. அவள் வைக்கவில்லை. குழாயடிக்குக் கொண்டுபோய்க் கையை உள்ளே விட்டுக்கொண்டு, மேலே ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். கையை வெளியே எடுத்துக் காட்டினாள். "ஒரு சொட்டு இல்ல அத்த. நான் கடைங்கள்ல எல்லாம் பாத்துட்டேன், இந்த மாதிரி வரல." நான் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுநாளும் கேட்டாள். "மாமாவ நான் பாத்ததில்ல. கம்பத்து மேல ஒரு தடவகூட நனையாத ஆளுன்னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கும் நனையாம போவணும், அவ்ளோதான்." அன்றும் மாட்டேன் என்றேன். நீங்கள் சொன்ன அதே காரணம்தான் எனக்கும் மனதில். சின்னப் பெண், வாழ வேண்டியவள், போனவருடையதைப் போடலாமா? உங்களுக்குத் தெரிந்த சாத்திரம் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

மூன்றாம் நாள் காலை அப்படி ஒரு மழை. இரண்டு உரச்சாக்கைப் பிரித்துத் தோளில் கட்டிக்கொண்டு வண்டியை வெளியே தள்ளினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பேண்ட் நீளம் என்று அன்று சாயங்காலம் மடித்துத் தைத்தேன்.

அன்று உங்கள் கேட்டில் அவள் சொல்ல வந்தது இதைத்தான். நீங்கள் வாயைத் திறக்க விடவில்லை. உங்கள் முதல் கடிதம் வந்தபோது நான் உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள்தான் தடுத்தாள். "நான் கேட்டேன்னு தெரிஞ்சா ஆயா என்ன ஒண்ணும் சொல்லாது, வளத்தது சரியில்லன்னு தன்னையே போட்டு அடிச்சிக்கும். நீங்க குடுத்ததாவே இருக்கட்டும் அத்த. உங்களத் திட்டிட்டு நல்லா சாப்டும்" என்றாள். உங்கள் இரண்டு கடிதத்தின் வசவையும் உங்கள் சாப்பாட்டுக்காக வாங்கிக்கொண்டேன். பொம்மையைப் பார்த்த பிறகு அவளே, "இனிமே மறைக்க வேணாம்" என்றாள். அப்போதும் நான் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

இப்போது அவள் எந்தக் கோட்டும் போடுவதில்லை. கதிர்வேல் நல்லதாக ஒன்று வாங்கி வந்தான், அதைப் பிரிக்கவே இல்லை. மாற்றுத் துணியைப் பாலிதீன் பையில் கட்டி டேங்க் மேல் வைத்துக்கொண்டு, முழுக்க நனைந்து போகிறாள், நனைந்து வருகிறாள். இரண்டு நாளாகச் சளி. "நான் பாத்து எடுத்தத புடுங்கி பொம்மைக்கு மாட்டினாங்க. இனிமே யாரு வாங்கினாலும் வேணாம்" என்கிறாள். என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்டனை.

உங்கள் சர்க்கரையைப் பற்றி அன்று சாயங்காலம் வந்ததும் முதலில் சொன்னாள். "நூத்தி எம்பத்திரண்டு அத்த, வெறும் வயித்துல. யாராவது பாத்துக்கணும்" என்றாள். யார் என்று சொல்லவில்லை.

ராஜாமணி.

*

சிதம்பரம்,
26.11.2025.

ராஜாமணி அவர்களுக்கு,

பார்சல் இதோடு வருகிறது. ஒரு கோட்டு, ஒரு பேண்ட். வாங்கிக்கொண்டதும் பிரித்துப் பாருங்கள், பிறகு குறை சொல்லக்கூடாது.

உங்கள் கடிதம் வந்த அன்றே வண்டிகேட்டுக்குப் போனேன். இளவரசு குறுக்கே நின்றான். "ஆயா, கிரகப்பிரவேசம் வரைக்கும் பொம்மைல கை வைக்கக் கூடாது. எட்டு பேரு வந்து கண்ணு வச்சிட்டுப் போயிருக்கானுங்க" என்றான். "படுற கண்ணெல்லாம் என் மேல படட்டும்டா, ஏணியப் போடு" என்றேன். அவன் ஏறவில்லை. அய்யனார்தான் ஏறினார். மேலே நின்று, "யம்மா, மீசய வுட்டுட்டு சட்டய மட்டும் கழட்டறேன்" என்று சிரித்தார். சிரிக்காமல் கழற்று என்றேன். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மாட்டினதிலிருந்து அதை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. பொம்மை இப்போது வைக்கோலாக நிற்கிறது. இளவரசு என்னோடு பேசுவதில்லை. பேசாதவர்கள் பட்டியல் நீளுகிறது.

கம்பி வைத்துக் கட்டியதில் தோளில் இரண்டு இடம் கிழிந்திருந்தது. கீழ சந்நிதியில் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தேன். சைக்கிள் டியூப் வெட்டி உள்ளேயும் வெளியேயும் ஒட்டினார். பார்க்க அழகாக இல்லை. நானும் கையை உள்ளே விட்டு ஒரு வாளி ஊற்றினேன். வலது தோளில் ஈரம் தெரிந்தது. இரண்டு தடவை திரும்பக் கொண்டுபோய் ஒட்ட வைத்தேன். மூன்றாம் தடவை ஒரு சொட்டு இல்லை. இந்த வயதில் குழாயடியில் நின்று மழைக்கோட்டைப் பரீட்சை பண்ணுகிறேன் என்று தெருவே பார்த்தது.

பூந்திக்கொட்டை போட்டு அலசினேன். உள்பக்கத்தை வெளியே திருப்பியபோதுதான் பார்த்தேன். மார்புக்கு நேரே வெள்ளைப் பெயின்டில் உங்கள் வீட்டுக்காரர் பெயர், உத்திராபதி என்று. அதற்குக் கீழே மார்க்கரில் சின்ன எழுத்தில் என் பேத்தியின் கையெழுத்து. அவள் பெயர். ஓ பாசிட்டிவ். அதற்கும் கீழே, ஆபத்து என்றால் கூப்பிட, என்று ஒரு நம்பர்.

அந்த நம்பரை நான் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. ரேஷன் கடையிலும் கேஸ்காரனிடமும் நான் ஒப்பிக்கிற நம்பர் அதுதான்.

புருஷன் நம்பரைப் போடவில்லை, ஷிஃப்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே. உங்கள் நம்பரைப் போடவில்லை, நீங்கள் பாதியில் வைக்கிறவர். என் போன் ஒரு மணி அடிப்பதற்குள் எடுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதை எழுதிப் போட்டுக்கொண்டு வந்தவளைத்தான் கேட்டில் நிறுத்தி உருவினேன். இத்தனை நாள் அந்த நம்பர் மூங்கிலில் ஆடிக்கொண்டிருந்தது. முட்லூரில் அவள் விழுந்தபோது யாரைக் கூப்பிடுவது என்று அவள் மேல் எழுதியிருக்கவில்லை.

ஒட்டுப் போடுகிறவர் அந்த எழுத்துகள் மேல் டியூபை ஒட்டிவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கும் சேர்த்துத்தான்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதத் தெரியவில்லை. ஐந்தாவது வரைக்கும் அது வரவில்லை. உங்கள் மகனிடம், மீசையைச் சுண்ணாம்பு அடித்து அழிக்கச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். நீங்கள் மூன்று வாரம் என் வசவை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக உங்களை எனக்குப் பிடித்துவிடாது. பொய்க்குத் துணை போனவர் நீங்கள். என் பேத்தி என்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டது உங்கள் வீட்டில்தான், என்ன சொன்னாலும் சரி.

அவளை இங்கே வரச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லி அவள் வந்தால், நீங்கள் அனுப்பி வைத்ததாக ஆகிவிடும். லேப்புக்கும் இனிப் போக மாட்டேன், டோக்கன் வாங்கிப் பேத்தியைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிடுகிறேன். இதை அவள் காதில் விழுகிற மாதிரிச் சொல்லலாம்.

என்னிடம் இருப்பது அவள் கல்யாண போட்டோ ஒன்றுதான். அதில் மாலை பாரம் தாங்காமல் தலை குனிந்து நிற்கிறாள், முகமே தெரியவில்லை. போட்டுக்கொள்வாளா மாட்டாளா தெரியாது. போட்டுக்கொண்டால், தோளில் ஒட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பேண்ட் சக்கரத்துக்குப் போகாத உயரத்தில் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடிக்கச் சொல்லி, முகம் தெரியும்படி ஒன்று எடுங்கள். செல்போனில் அனுப்பாதீர்கள், என்னுடையது பட்டன் போன். கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மழையில் நனையாமல் உறையில் வைத்து ஒட்டித் தபாலில் போடுங்கள். நீங்கள் அதில் நிற்க வேண்டியதில்லை. நிற்பதாக இருந்தால், அவளை மறைக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

மாரியம்மாள்.